அப்பம் சிவந்த மழைக்காலம்

ரத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம், ஒரு நயினாரின் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்கு மேல்மாடியில் இருந்த ரத்தப் பரிசோதனை லேபில் நான்தான் டெக்னீஷியன். நயினார் செஞ்சிப் பக்கத்துச் சமணர். எறும்பு மிதிபட்டால்கூட வருந்துகிற குடும்பம். மாடியில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறார்கள் என்பதால் படியேறவே மாட்டார், ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கீழே நின்று கூப்பிடுவார். ஊரில் எனக்கு லேப்பம்மா என்று பேர். வாய் நீளம் என்றும் பேர் உண்டு, அது பொய்யில்லை. கல்யாணம் ஆகாதவள் வாயையும் மூடிக்கொண்டிருந்தால் மனுஷர் மதிப்பார்களா என்ன?

அந்த லேபில் பாட்டில் கழுவித் தரை துடைக்க ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். என்னைப் போலவே வேதக்காரப் பெண், அதாவது கத்தோலிக்கக் கிறிஸ்தவள். எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த ஒரு இந்துப் பையனை விரும்பி, ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டவள். நல்ல பிள்ளை அவன்; குடி கிடையாது, அவளை ஒரு சொல் சொன்னது கிடையாது. ஆனால் எங்கள் கோயிலில் நடக்காத கல்யாணம் கோயில் கணக்கில் கல்யாணமில்லை. அதனால் அவளுக்கு நன்மை கிடையாது.

நன்மை என்று நாங்கள் சொல்வது பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை. அப்பம் என்றால் வெள்ளையாக, காகிதம் போல மெலிசாக, கோதுமை மாவில் கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள் சுட்டு வட்டமாக வெட்டுவது. சாமியார் பீடத்தில் அதைக் கையில் எடுத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னதும் அது ஆண்டவரின் உடலாகிறது என்பது எங்கள் விசுவாசம். எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது இவள் மட்டும் கடைசிப் பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். வருஷக்கணக்காக அப்படித்தான். நன்மை வாங்கித் திரும்பும்போது அந்த முக்காட்டைப் பார்க்கவே எனக்குப் பொறுக்காது.

புதுசாக வந்த பங்குச் சாமியார் அதைக் கவனித்தார். ஆள் ஒல்லி, முன்கோபி, சைக்கிளில்தான் சுற்றுவார். அவள் வீட்டுக்கே போய்ப் புருஷனிடம் பேசி, மேலிடத்தில் அனுமதி வாங்கி, ஒரு நாள் காலைப் பூசைக்கு முன்னால் பக்கப் பீடத்தில் வைத்து இருவருக்கும் முறைப்படி மணம் முடித்தார். புருஷன் மதம் மாறவில்லை, மாறச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை. நான்தான் சாட்சி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றாள். எனக்கு இரண்டு ஆள் தள்ளி முன்னால்.

ஐப்பசி மழை பிடித்து ஊரெல்லாம் சளியும் இருமலுமாகக் கிடந்த சமயம். சாமியார் அப்பத்தை அவள் நாக்கில் வைத்த நொடியில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. அப்பம் தரையில் விழுந்தது.

அப்படி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாமியார் குனிந்து அதை எடுத்து, விழுந்த இடத்தின் மேல் வெள்ளைத் துணியை விரித்தார். பூசைச் சாமான்கள் வைக்கும் பின்னறையை நாங்கள் சக்ரீஸ்து என்போம். அங்கே போய் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில் அப்பத்தை இட்டு, மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். அப்பம் தண்ணீரில் கரைந்து அப்பமே இல்லாமல் போன பிறகு, கால் படாத இடமாகப் பார்த்து மண்ணில் ஊற்றிவிடுவார்கள். கரைய மூன்று நாலு நாளாகும். அவளுக்கு வேறொரு அப்பம் கொடுக்கச் சாமியார் திரும்பி வந்தார். அதற்குள் அவள் வெளியே ஓடிவிட்டிருந்தாள்.

அந்த வாரத்தில் கோயில்பிள்ளை, அதாவது மணி அடித்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர், ஊற்றிவிடலாம் என்று தன்னிடமிருந்த சாவியால் அலமாரியைத் திறந்து, கிண்ணத்தின் மூடியை எடுத்திருக்கிறார். திறந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அப்பம் பாதி கரைந்து மிதந்தது. அதன் மேல் சிவப்பாக, ஈரமாக, பளபளவென்று ரத்தத் துளிகள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. மறுநாள் அனந்தபுரத்திலிருந்தும் செஞ்சியிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கொண்டு போனவர்கள்கூட வழியில் இறங்கி எட்டிப் பார்த்தார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் குடும்பம் ஜுரத்தில் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஆண்டவன் எந்த வீட்டுக்கு வந்தால் என்னம்மா என்றார் அந்தப் பாய். மழையில் நனைந்துகொண்டு ஜனம் ஜெபமாலை சொன்னது. சாமியார் கிண்ணத்தை யாருக்கும் காட்டவில்லை. அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

அதுவரை எல்லாம் நல்லதுதான். எனக்கே உடம்பு சிலிர்த்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அற்புதம் என்று ஒன்று நடந்தால் அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்காமல் மனுஷர் இருப்பார்களா? அர்த்தத்தைச் சொன்னவர் எங்கள் கோயிலில் ஜெபமாலை நடத்தும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பாதி ஊர் அவரிடம் படித்தது. அவர் ஜெபத்தை நிறுத்தி, தழுதழுத்த குரலில் சொன்னார்: "தகுதியில்லாத நாக்கு பட்டுது. ஆண்டவருக்கே பொறுக்கல. ரத்தம் வடிச்சிட்டாரு."

யாரும் அவள் பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அவள் வேலைக்கு வரவில்லை. கழுவாத டியூப்கள் தொட்டியில் குவிந்தன. மூன்றாம் நாள் நான் அவள் வீட்டுக்குப் போனேன். விளக்கில்லாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை. புருஷன்தான் கேப்பைக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தான். ஊர்க்காரர்களைத் திட்டினேன், தலைமையாசிரியரைத் திட்டினேன், நீ எந்தத் தப்பும் செய்யவில்லை என்றேன். கடைசியில் அவள் ஒன்று கேட்டாள்.

"யக்கா, ஊரு இன்னா வேணா பேசிக்கினு போவட்டும். சாமியே வேணான்னு துப்பிட்டாரே. அதுக்கு மேல நான் எங்க போய் நிப்பேன்?"

இனி சாகும்வரை நன்மை வாங்கப் போவதில்லை என்றும், யார் சொன்னாலும் அந்த வரிசையில் நிற்கப் போவதில்லை என்றும் சொன்னாள். சொன்னபோது அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேரே சாமியார் பங்களாவுக்குப் போனேன். தலைமையாசிரியர் அங்கே இருந்தார். கோயில் முன்னால் பந்தல் போட்டு, கிண்ணத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஜனங்களுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இத்தாலி தேசத்தில் பழைய காலத்தில் இப்படி மாறிய அப்பத்தை டாக்டர்கள் சோதித்து, இருதயத்துத் தசை என்று சொல்லியிருக்கிறார்களாம். வேதப் பத்திரிகையில் படித்தாராம். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். ஒருத்தியைக் கொன்று போட்டுவிட்டு அதன் மேல் பந்தல் போடுகிறீர்களா சார் என்று கத்தினேன். அவர் முகம் சுருங்கிப் போனது. அவர் கெட்டவர் இல்லை. ஜெபமாலையில் அவர் குரல் தழுதழுத்தது நிஜமான அழுகைதான்.

சாமியார் இருவரையும் பார்த்தார். பிறகு தலைமையாசிரியரிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், இத்தாலியில சோதிச்சாங்க இல்ல? நாமளும் சோதிச்சுடுவோம். தீர விசாரிச்சாத்தான் மெய்யின்னு பசங்களுக்கு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

சாமியார் என் பக்கம் திரும்பி, இதை உன்னால் பார்க்க முடியுமா என்று கேட்டார். ஆண்டவரின் உடலை நான் எப்படி சாமி கண்ணாடிச் சில்லில் தேய்ப்பேன் என்றேன். அதற்கு அவர் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அது ஆண்டவருடைய ரத்தமாக இருந்தால் நாம் சோதிப்பதால் அவருக்குக் குறைச்சல் ஒன்றும் வராது. இல்லாமலிருந்தால், இல்லாததைக் கும்பிட வைத்த பாவம் என் தலையில் விழும் என்றார். ஒரு பங்குச் சாமியாருக்கு அந்தக் கூட்டம் எவ்வளவு பெரிய பேர் வாங்கித் தந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதை அவர் எச்சில் இலையைப் போல ஒதுக்கினார். அன்றுதான் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. அதுவரை இருந்தது பயம்.

அலமாரியின் முன்னால் முழங்காலிட்டு ஜெபம் சொல்லிவிட்டு, நான் கொதிக்க வைத்துக் கொண்டுபோன சின்னக் கரண்டியால் அவரே மேலாகக் கொஞ்சம் எடுத்துக் குப்பியில் வைத்துத் தந்தார். லேபுக்கு வந்து கதவைத் தாளிட்டேன். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன். வெறுங்காலோடு மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ரத்த அணுக்கள் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வெறும் தண்ணீரில் ஊறினால் ரத்த அணுக்கள் வெடித்துக் கரைந்துவிடும். மலத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் பென்சிடின் என்ற மருந்தைச் சொட்டுவோம். நீலம் வந்தால் ரத்தம். ஒரு சொட்டு விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஓரத்தில் மெல்ல, மங்கலாக, நீலம் வந்தது.

நான் முழங்காலில் விழுந்துவிட்டேன். பக்தியால் என்று நினைக்காதீர்கள். மூலையில் இருட்டில் உட்கார்ந்திருந்தவள்தான் என் கண்முன் வந்தாள். ஆண்டவரே, இது உம்முடைய ரத்தமாக இருக்க வேண்டாம் என்று மன்றாடினேன். ஒரு வேதக்காரி அப்படி ஒரு ஜெபம் சொல்லலாமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மனசாரச் சொன்னேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். அங்கே ஒரு டாக்டர் பெரிய மைக்ராஸ்கோப் வைத்திருந்தார். எங்களால் தீர்க்க முடியாததையெல்லாம் அவருக்குத்தான் அனுப்புவோம். கறுப்புச் சட்டைக்காரர். கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிற மனுஷன். அவர் சிரித்தால் சண்டை பிடிப்பதென்று பஸ்ஸிலேயே வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போனேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டார். வாசலில் நான் கழற்றிவிட்ட செருப்பைப் பார்த்தார். தன் ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு இது என்னான்னு தெரியும்மா, எனக்கு இது என்னான்னு இன்னும் தெரியாது. தெரியற வரைக்கும் மரியாதையாவே பாப்போம்" என்றார். தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எனக்கு மறந்துவிட்டன.

பென்சிடினை நம்பாதீர்கள், அது கிருமியைப் பார்த்தாலும் காய்கறியைப் பார்த்தாலும் நீலமாகும் என்றார். சிவப்பில் துளி எடுத்து ஸ்பிரிட்டில் போட்டார். பக்கத்திலேயே தன் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை இன்னொரு ஸ்பிரிட்டில் விட்டார். அவருடைய ரத்தம் பழுப்பாகத் திரிந்து அடியில் தங்கியது. கிண்ணத்துச் சிவப்பு கரைந்து ஸ்பிரிட் முழுக்க ரோஜா நிறமானது. அதில் சோடா உப்புக் கரைசல் விட்டதும் மஞ்சளாக மாறியது, புளிப்பான திராவகம் விட்டதும் திரும்ப ரோஜா நிறம் வந்தது. எந்த ரத்தமும் இப்படி நிறம் மாறி விளையாடாது. பிறகு சாயம் ஏற்றிப் பெரிய லென்ஸில் காட்டினார். குட்டிக் குட்டிக் குச்சிகளாகக் கிருமிகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. ஈர நாளில், சூடு அதிகமில்லாத இடத்தில், மாவுப் பண்டத்தின் மேல் சிவப்பாகப் படர்கிற கிருமியாம். இப்படி அப்பங்களின் மேல் வந்து ஜனங்களைத் திகைக்க வைத்ததாலேயே அந்தக் காலத்தில் அதற்கு அற்புதம் என்று அர்த்தம் வருகிற பேரை வைத்திருந்தார்களாம்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஊரைப் பார்த்துக் கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. டாக்டர்தான் அடக்கினார். கடவுள் இல்லை என்கிறவன் லேபில் பார்த்துச் சொன்னதை உங்கள் ஊர் நம்புமா, அவர்கள் கண்முன்னால் வளர்த்துக் காட்டுங்கள் என்றார். கிளம்பும்போது, சோதித்துப் பார் என்று கோயிலிலிருந்தே ஒருவர் அனுப்பியதை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன், உங்கள் சாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்றார்.

திரும்பி வந்து சக்ரீஸ்துவில் நுழைந்ததும் நான் தேடியது தண்ணீர்ப் பானையை. ஜன்னல் ஓரத்தில் ஒரு மண்பானை; கிண்ணத்துக்கு ஊற்றியது அதிலிருந்துதான். கோயில்பிள்ளை பாவம், தினமும் கிணற்றுத் தண்ணீரை நிரப்புவார். பானையைக் கழுவும் வழக்கம் இல்லை. கழுத்துக்குள் விரலை விட்டுத் தடவினேன். வழவழவென்று, இளஞ்சிவப்பாக விரலில் ஒட்டியது.

விஷயத்தைச் சொன்னதும் தலைமையாசிரியர் ஒரு கேள்வி கேட்டார். கிருமியாகவே இருக்கட்டும், மற்றவர்கள் அப்பம் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறது, அவள் வாயில் பட்டது மட்டும் ஏன் சிவந்தது? அவர் விடமாட்டார் என்று தெரியும். சாமியார் உடனே சொன்னார்: "அப்ப என் வாயில வச்சதும் போடுவோம். உங்க வாயில வச்சதும் போடுவோம். அவளோடதும் போடுவோம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நொந்து கிடப்பவளை மறுபடியும் கூண்டில் ஏற்றுவதா, அவளுடையது மட்டும் சிவந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவளை விட்டுவிட்டுச் செய்தால் அவளுடையது வேறு என்றுதான் காலத்துக்கும் பேசுவார்கள் என்றார் அவர். சொல்லும்போது அவர் குரலும் சரியாக இல்லை. பயம் அவருக்கும் இருந்தது.

மடத்துச் சிஸ்டர்கள் அப்பம் வெட்டியதில் மிஞ்சிய, பூசையில் வைக்காத துண்டுகளைக் கொடுத்தார்கள். அது வெறும் மாவு. நாங்கள் சின்ன வயதில் மடத்து வாசலில் கையேந்தி வாங்கித் தின்றதுதான். சாமியார் அவள் வீட்டுக்குச் சைக்கிளில் போனார், நான் பின்னாலேயே நடந்தேன். அதைக்கூட வாயில் வைக்க அவள் பயந்தாள். புருஷன் ஒரு துண்டை எடுத்து மென்று, உப்பே இல்லையே சாமி, எப்படித் தின்கிறீர்கள் இதை என்றான். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்து எடுத்துக் கொடுத்தாள்.

ஆளுக்கு இரண்டு கிண்ணம். ஒன்றில் பானைத் தண்ணீர், ஒன்றில் நான் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர். ஒவ்வொன்றின் அடியிலும் தலைமையாசிரியர் கையாலேயே பேர் எழுதிய சீட்டை ஒட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். சாவியைத் தலைமையாசிரியரே வைத்துக்கொள்ளட்டும் என்று சாமியார் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிருமி என்று கண்ணால் பார்த்தவள் நான். இருந்தாலும் அவள் கிண்ணம் மட்டும் சிவந்து கிடப்பதாகவே மனசுக்குள் ஓடியது. படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், மழை விட்டிருந்தபோது, சக்ரீஸ்துவில் ஜெபமாலைக்காரர்கள் நிற்க, தலைமையாசிரியர் பூட்டைத் திறந்தார். கொதிக்க வைத்த தண்ணீரில் இருந்தவை மூன்றும் வெள்ளையாக ஊறிக் கிடந்தன. பானைத் தண்ணீரில் சாமியார் வாயில் வைத்தது சிவந்திருந்தது, முதல் கிண்ணத்தில் பார்த்த அதே பளபளப்போடு. தலைமையாசிரியர் வாயில் வைத்தது அதைவிடச் சிவப்பு. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் மனுஷன். அவர் கையெழுத்துத்தான்.

மூன்றாவது கிண்ணம் அவளுடையது. அது சிவக்கவே இல்லை. சாம்பல் நிறத்தில் கூழாகிக் கிடந்தது, அவ்வளவுதான்.

எனக்கு வந்த நிம்மதியில் சுவரில் சாய்ந்துவிட்டேன். ஆனால் கூடியிருந்தவர்கள் முகத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. தலைமையாசிரியர் கைகூப்பிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஆண்டவர் அவள் பக்கம் நின்றுவிட்டார் என்றார். பின்னால் ஒரு அம்மாள் தேவமாதாவைக் கூப்பிட்டாள். அன்று இரவு கவியுமுன் அவள் வீட்டு வாசலில் ஜனம். ஒருத்தி காலைத் தொட்டாள். ஒருத்தி சீக்குப் பிள்ளையை அவள் மடியில் போட்டாள். தலைமையாசிரியரும் போய், பெத்த மகள் வயதுக்காரியிடம் மன்னிப்புக் கேட்டார். அதுமட்டும் அவர் பெரிய மனசு. அதை நான் மறக்க மாட்டேன்.

அவள் பின்வாசல் வழியாக ஓடி வந்து லேபில் நுழைந்தாள். தொட்டியில் கிடந்த டியூப்களைப் பார்த்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு கழுவ ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்று, கழுவியதைத் துடைத்து அடுக்கினேன். கழுவிக்கொண்டே சொன்னாள்.

"போன வாரம் பாவின்னாங்க, இந்த வாரம் புண்ணியவதின்றாங்க. பேஜாரா கீதுக்கா. எனக்கு ரெண்டும் வேணாம். எல்லாரையும் மாதிரி அந்த லைன்ல நிக்கணும். அவ்ளோதான் கேட்டேன் சாமிகிட்ட. அதுகூடவா கெடைக்காது?"

போய்ச் சாமியாரிடம் அப்படியே சொன்னேன். அவள் கிண்ணம் ஏன் சிவக்கவில்லை என்று அவர் கேட்டார். எச்சிலில் ஏதாவது இருக்கலாம், கிண்ணம் அலமாரியின் ஜன்னல் பக்க ஓரத்தில் இருந்திருக்கலாம், அவள் இருமலுக்குக் குடித்த மருந்தாக இருக்கலாம், நிஜமாகத் தெரியவில்லை சாமி என்றேன். தெரியவில்லை என்றால் அப்படியே சொல்லிவிடலாம் என்றார்.

மறுநாள் கோயில் நிரம்பி வழிந்தது. பிரசங்கத்தில் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. கழுவாத பானை, விழுப்புரத்து டாக்டர், ஸ்பிரிட், கிருமி, எல்லாவற்றையும் சொன்னார். பானையைக் கழுவச் சொல்லாத தப்பு பங்குச் சாமியாரான தன்னுடையது என்றார். அந்த அப்பம் முழுசாகக் கரைந்த பிறகு, கோயிலுக்குப் பின்னால் யாரும் மிதிக்காத மண்ணில் மரியாதையோடு ஊற்றிவிட்டதாகச் சொன்னார். பெண்கள் பக்கம் சிலர் அழுதார்கள். அவர்களுக்கு ஏதோ பறிபோன வருத்தம். அதைப் பார்த்துவிட்டு அவர் கொஞ்சம் நிறுத்தினார்.

"ஒருத்தர் கிண்ணம் செவக்கல. ஏன்னு எனக்குத் தெரியல. லேப்பம்மாவுக்கும் தெரியல. தெரியாததுக்கெல்லாம் அற்புதம்னு பேரு வச்சுத்தான் நாம ஒரு பொண்ண அழ வச்சோம். திரும்பவும் அதையே பண்ண வேணாம். இந்தப் பீடத்துல தெனமும் நடக்குதே, அதுக்கு செவப்பு வேணுமா உங்களுக்கு? நான் வெள்ளையாத்தான் பாக்கறேன். அதத்தான் ஆண்டவர்னு நம்பறேன்."

எனக்கு அந்த நிமிஷம் என்ன தோன்றியதென்றால், இத்தனை வருஷம் நன்மை வாங்கியும் நம்பிக்கை என்றால் என்ன என்று நான் பார்த்ததில்லை, இன்றுதான் பார்க்கிறேன் என்று. மைக்ராஸ்கோப்பைப் பார்த்துப் பயப்படாத நம்பிக்கை அது.

நன்மை வேளை வந்தது. ஜனம் எழுந்தது. அவளும் கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்தாள். அவளைப் பார்த்ததும் வரிசை இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. முன்னால் போ தாயே என்று யாரோ சொன்னார்கள். நடுவில் பாதை வெறிச்சென்று பீடம்வரை கிடந்தது. அவள் நகரவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தாள். திரும்பி ஓடிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சாமியார் அப்பத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் சொன்னார்: "வரிசையா வாங்க. இங்க யாருக்கும் முதல் எடம் இல்ல."

தலைமையாசிரியர்தான் முதலில் அசைந்தார். அவர் போய் அவளுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், தினமும் நிற்கிற மாதிரி. நான் அவருக்கு முன்னால் நின்றேன். அவளுக்குப் பின்னால் யார் யாரோ வந்து நின்றார்கள். பிளந்த வரிசை ஒன்றாகி நகர ஆரம்பித்தது. கோயில் முழுக்க இருமிக்கொண்டிருந்தது.

நான் வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பும்போது, கிறிஸ்துவின் உடல் என்று சாமியார் சொல்வது கேட்டது. ஆமென் என்று ஒரு குரல் கடைசிப் பெஞ்சுவரை கேட்கிற மாதிரி சொன்னது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெஞ்சில் வந்து முழங்காலிட்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டு, "தள்ளுக்கா, எடமில்ல" என்றாள்.